கழுத்துத் தேய்மானத்தோடு உடற்பயிற்சி: எதைச் செய்யலாம், எங்கே நிறுத்தணும்?

பிசியோ, தஞ்சாவூர்

எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதி வந்த நாளிலிருந்து கழுத்தைத் திருப்பவே பயந்து, கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானவர்களை எக்ஸ்ரே எடுத்தால் ஏதோ ஓரளவு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதில் பலருக்கு வலியே கிடையாது. ஆகவே என்ன பயிற்சி செய்யலாம் என்பதை அறிகுறியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியைத் தொடவே கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் போட, சாவியைத் திருப்ப விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக ஷாக் அடித்த மாதிரி இறங்குவது, சிறுநீர் கட்டுப்பாடு மாறுவது. இவை தண்டுவடம் நெருக்கப்படுவதற்கான அடையாளங்கள். கை நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டே வந்தாலும் அப்படித்தான். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, விழுந்து அடிபட்டபின் வந்த வலி, இவற்றுக்கும் முதலில் டாக்டர், பிறகுதான் பயிற்சி.

இவை எதுவும் இல்லையென்றால் கீழே உள்ளதைத் தொடங்கலாம்.

தாடையைப் பின்னிழுப்பது: நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நேராகப் பாருங்கள். தாடையில் ஒரு விரலை வைத்து, அதைத் தரைக்கு இணையாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். 5 விநாடி, 10 தடவை, காலையும் மாலையும். விரல் கீழே இறங்கினால் குனிகிறீர்கள், மேலே ஏறினால் அண்ணாந்து பார்க்கிறீர்கள். முழு பலத்தோடு இழுத்தால் பிடரியில் தலைவலி கிளம்பும். பாதி பலம் போதும்.

திருப்புவது: ஆரம்பத்தில் படுத்துக்கொண்டு செய்வதே மேல். தலையின் 4.5 - 5 கிலோ எடையைத் தலையணை வாங்கிக்கொள்ளும். இழுப்பு தொடங்கும் இடம் வரை திருப்பி, 2 விநாடி நின்று, திரும்பி வரவும். பக்கத்துக்கு 10. பத்து நாளில் உட்கார்ந்து செய்யலாம்.

கையை எதிர்த்து அழுத்துவது: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை கையைத் தள்ள, கை தலையைத் தடுக்க வேண்டும். தலை ஒரு நூல்கூட நகரக் கூடாது. பலம் கால் பங்குதான். 6 விநாடி, 5 தடவை. அதேபோல் பின்தலை, வலது, இடது. இரண்டு வாரம் கழித்து 10 தடவை ஆக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கைக்கு இறங்கும் வலி உள்ளவர்களுக்கு முக்கினாலே வலி கைக்குப் பாயும். விநாடியை வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியேறும்.

உள் தசைகளுக்கு: முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு. 'ஆமாம்' என்று சொல்வதுபோல மிகச் சிறிதாகத் தலையசைத்து 10 விநாடி நிறுத்துங்கள். பின்தலை துண்டின் மேல் வழுக்கலாம், தூக்கக் கூடாது. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் கயிறு போன்ற தசையை விரலால் தொட்டுக்கொண்டே செய்யுங்கள். அது விறைத்தால் உள் தசை வேலை செய்யவில்லை, வெளித் தசை இழுக்கிறது என்று அர்த்தம், அசைவைக் குறையுங்கள். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பதால் மக்கள் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். விடாமல் செய்ய வேண்டியதும் இதுதான்.

வலிக் கணக்கு: 10க்கு 3 வரை வலிக்கலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அதைவிட முக்கியம், வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. விரலில் இருந்த வலி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறி, கழுத்தில் மட்டும் நின்றால் நல்லது, கழுத்தில் கொஞ்சம் கூடினாலும் சரி. கழுத்தில் இருந்தது விரலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இரும்புப் பட்டறை (ஜிம் கோச், கோயம்புத்தூர்)

ஜிம்முக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது. புல்டவுன்ல (மேலேருந்து தொங்கற கம்பியைக் கீழ இழுக்கற மெஷின்) கம்பியைத் தலைக்குப் பின்னாடி இழுக்காதீங்க, நெஞ்சுக்கு முன்னாடிதான் வரணும். பின்னாடி இழுத்தா தலை முன்னாடி துருத்தும், தோள் மூட்டும் கெடும். ஷோல்டர் பிரஸ்ஸும் அதே கதை. கை தலைக்கு மேல போறப்ப கழுத்து பின்னாடி சாயுதுன்னா அந்தப் பயிற்சியே இப்ப வேணாம், டம்பெல்லைப் பக்கவாட்டுல தோள் உயரம் வரைக்கும் மட்டும் தூக்குங்க.

ஸ்குவாட்டுக்கு (எடையோட உக்காந்து எழுந்திரிக்கறது) கம்பியைப் பிடரில வைக்கறதுக்குப் பதில் ஒரு டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க, இல்ல காலால எடையைத் தள்ற லெக் பிரஸ் மெஷினுக்குப் போங்க. கனமான ஷ்ரக்ஸ் (எடையைப் பிடிச்சுக்கிட்டுத் தோளை மேல தூக்கறது) வேண்டாம். ஏற்கெனவே இறுகிப்போன தசையை இன்னும் இறுக்கி என்ன ஆகப்போகுது? கிரஞ்சஸ்ல (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கற வயித்துப் பயிற்சி) பின்தலையைக் கையால பிடிச்சு இழுக்கறவங்கதான் மறுநாள் கழுத்தைப் பிடிச்சிட்டு வருவாங்க. பெஞ்ச்ல மல்லாந்து படுத்துக் கம்பியை மேல தள்ற பெஞ்ச் பிரஸ்ல கடைசி ரெண்டு எண்ணிக்கைக்குத் தலையைத் தூக்கறதும், குப்புற முழங்கையை ஊனி உடம்பை நேரா நிறுத்தற பிளாங்க்ல கண்ணாடியைப் பாக்கறதும் அதே ரகம். பிளாங்க்ல பார்வை ரெண்டு கைக்கும் நடுவுல தரைல இருக்கட்டும்.

உண்மையில கழுத்துக்கு உதவறது ரோயிங்தான். எலாஸ்டிக் பேண்டைக் கதவுப் பிடியில மாட்டி, முழங்கையை விலாவோட ஒட்டிப் பின்னாடி இழுத்து, தோள்பட்டை எலும்பு ரெண்டையும் நெருக்கி 2 விநாடி. 12 தடவை, 2 செட், வாரத்துல 3 நாள். தோள் காதுகிட்ட ஏறினா பேண்ட் ரொம்ப இறுக்கம். எடை விஷயத்துல ஒரே விதி: 15 தடவை தூக்கி முடிச்ச பிறகும் இன்னும் 3 தூக்க முடியணும்.

டிரெட்மில்ல போனைப் பாத்துக்கிட்டே நடந்தா 30 நிமிஷமும் குனிஞ்ச கழுத்துதான். அதுக்கு மொட்டை மாடியில கையை வீசி நடக்கறது எவ்வளவோ மேல்.

யோகா வகுப்பு, சேலம்

சிரசாசனம் (தலைகீழாக நிற்பது), சர்வாங்காசனம் (தோளில் நிற்பது), ஹலாசனம் (கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது) மூன்றும் தேய்மானக்காரர்களுக்குக் கிடையாது. பழகியவர்களுக்கே சிரசாசனத்தில் உடல் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் தலை வழியாக இறங்குகிறது. 60 கிலோ ஆள் என்றால் 24 கிலோவுக்குக் குறையாமல் கழுத்து எலும்புகள் தாங்க வேண்டும். 'சுவர் ஓரமாகச் செய்கிறேன்' என்பார்கள். சுவர் விழாமல் காக்கும், எடையைக் குறைக்காது. மத்ஸ்யாசனமும் வேண்டாம், அதில் தலை முழுக்கப் பின்னால் வளைகிறது.

சூரிய நமஸ்காரத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டாவது நிலையில் கைகளோடு தலையைப் பின்னால் எறியாமல், முகம் நேராக இருக்கும்படி நெஞ்சை மட்டும் உயர்த்தலாம். புஜங்காசனத்தில் பார்வை ஒரு கெஜம் தள்ளித் தரையில். திரிகோணாசனத்தில் மேல் கையை அண்ணாந்து பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கவும். சவாசனத்தில் தாடை கூரையை நோக்கித் தூக்கி நின்றால், தலைக்கு ஒரு போர்வையை மடித்து வைக்கவும். நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி.

கழுத்தை வட்டமாகச் சுழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளி டிரில் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

பிசியோ, தஞ்சாவூர்

அதற்குக் காரணமும் இருக்கிறது. நரம்பு வெளியே வரும் துளை, தலையைப் பின்னால் சாய்த்து ஒரு பக்கம் திருப்பும்போது அந்தப் பக்கத்தில் சுருங்குகிறது. முழு வட்டத்தின் பின்பாதி முழுக்க அந்த நிலைதான். முன்பாதி மட்டும், ஒரு தோளிலிருந்து நெஞ்சு வழியாக மறு தோளுக்கு, மெதுவாகப் போய் வந்தால் தவறில்லை.

தேய்மானம் அதிகம் காணப்படுவது 5-6, 6-7 எலும்புகளுக்கு இடையில். முதலாவதில் நரம்பு அழுந்தினால் மரமரப்பு கட்டைவிரல் பக்கம் போகும், இரண்டாவதில் நடுவிரலுக்கு. எந்த விரல் என்று குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சின்னமனூர்க்காரி

எங்க அத்தைக்கு ருமட்டாய்டு முடக்குவாதம், பதினைந்து வருஷமா மாத்திரை. இப்போ கழுத்தும் வலிக்குது. மேலே சொன்னதெல்லாம் அவங்களும் செய்யலாமா?

மூட்டுநோய்ப் பிரிவு நர்ஸ்

இப்போதைக்கு வேண்டாம் அக்கா. வயதால் வரும் தேய்மானம் வேறு, இது வேறு. ருமட்டாய்டு நோய் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநாரைத் தளர்த்திவிடலாம். அப்படித் தளர்ந்திருந்தால், குனியும்போது மேல் எலும்பு முன்னால் நழுவித் தண்டுவடத்தை அழுத்தும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று என்று பக்கவாட்டில் இரண்டு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது சரியாக இருக்கிறது என்று மூட்டுநோய் டாக்டர் சொன்ன பிறகுதான் கழுத்துப் பயிற்சி. அதுவரை நடை, கை கால் பயிற்சி போதும். டிராக்ஷன் (கழுத்தை இழுத்து வைக்கும் சிகிச்சை) கூடாது, யாரும் கழுத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது. அறுவை சிகிச்சை ஏதாவது நடக்குமானால் மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குக் குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள்.

முதுகெலும்பு இறுகும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை வேறு. இறுகின கழுத்து சின்ன விழுதலிலேயே முறியலாம். அவர்கள் விழும் அபாயமுள்ள விளையாட்டைத் தவிர்க்க வேண்டும்.

இரும்புப் பட்டறை

அப்படியே சலூன் சமாச்சாரத்தையும் யாராவது சொல்லுங்க. முடி வெட்டி முடிச்சதும் தலையைப் பிடிச்சு 'டக்'குன்னு நெட்டி எடுக்கறாங்களே.

பிசியோ, தஞ்சாவூர்

வேண்டாம் என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். கழுத்து எலும்புகளின் ஊடாக மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் உள்ளன. திடீர் திருப்பில் அவற்றின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். ஆனால் சத்தம் கேட்டு வரும் அந்த இரண்டு நிமிடச் சுகத்துக்காக எடுக்கும் அபாயம் அது. நெட்டி எடுத்த பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரமரப்பு இருந்தால் வீட்டுக்குப் போகாமல் 108க்கு அழையுங்கள்.

நீச்சல் பழக்குபவர், திருநெல்வேலி

நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்லி வருபவர்கள், கிணற்றில் பழகின மாதிரி தலையைத் தண்ணிக்கு மேலே நிமிர்த்தியே நீந்துவார்கள். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்ததற்குச் சமம். மல்லாந்து நீந்துவதில் தொடங்குங்கள். ஃப்ரீஸ்டைல் என்றால் மூச்சுக்குத் தலையை மட்டும் திருப்பாமல் தோளோடு உடம்பையும் உருட்ட வேண்டும், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. தலைகீழாகக் குதிப்பது அறவே கூடாது. தண்டுவடம் போகும் துளை குறுகலாக இருப்பவர்களுக்கு அந்த ஒரு அடி போதும், கை கால் போய்விடும்.

சின்னமனூர்க்காரி

நன்றிங்க, படம் எடுக்கச் சொல்றேன். எனக்கு ஒரு சந்தேகம்: கழுத்துப் பட்டை போட்டுக்கிட்டே பயிற்சி செய்யலாமா? துணி காயப்போட்டாலே வலிக்குது, அதுக்கு என்ன பண்ண?

பிசியோ, தஞ்சாவூர்

பட்டையோடு பயிற்சி செய்தால் தசைக்கு வேலையே இல்லை. கடும் வலியில் டாக்டர் சொன்னால் ஒன்றிரண்டு வாரம், அதுவும் நாள் முழுக்க அல்ல. அதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை மெலிந்துவிடும்.

கொடி தலைக்கு மேலே இருந்தால் அண்ணாந்தபடி கையையும் தூக்குகிறீர்கள். கொடியை நெற்றி உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள், அல்லது ஸ்டாண்டில் போடுங்கள். பரணில் இருப்பதை எடுக்க ஸ்டூல் ஏறுங்கள், எட்டி எடுக்காதீர்கள். தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் வைக்காமல் இரண்டு சிறிய வாளியாக இரு கையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட் கனக்கிறது என்று கழற்றி வைக்க வேண்டாம்; ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கலாம்.

வலி கூடின நாளில் அழுத்தும் பயிற்சியையும் பேண்டையும் நிறுத்திவிட்டு, 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, படுத்தபடி திருப்புவதை மட்டும் 5 தடவை செய்யுங்கள். நடை தொடரலாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்வு குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். வலி தணிந்து இரண்டு நாள் ஆனதும் விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி எண்ணிக்கையில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.