ஏழு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், நான்குதான் இருக்கிறது: விண்ணப்பிக்கலாமா?

முல்லை மகள் (புதுக்குடியிருப்பு)
கொழும்பில் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனம் வாழ்வாதாரத் திட்டங்களுக்கு முகாமையாளரைத் தேடுகிறது. ஏழு ஆண்டு அனுபவமும் மும்மொழி ஆற்றலும் வேண்டுமாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றில் நான்கு ஆண்டுகளாக வெளிக்கள அலுவலராக இருக்கிறேன். சிங்களம் அரைகுறை. வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி. இந்த வேலைக்கு நான் எங்கே என்று நினைத்து நினைத்தே விண்ணப்பத்தை மூடிவைக்கிறேன்.

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்)
தங்கச்சி, தயக்கம் எல்லாமே கோழைத்தனம் அல்ல. ஏழு என்று எழுதியவர்கள் ஏழைத்தான் கேட்கிறார்கள். அரச வேலைக்கு வர்த்தமானியில் வரும் அறிவித்தலில் வயது ஒரு நாள் கூடினாலும் தள்ளிவிடுகிறார்களே! 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே வந்த நிறுவனங்கள் நிதி முடிந்ததும் போய்விட்டன. அவற்றில் வேலை செய்த நம் பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அரசின் பட்டதாரி நியமனம் வரும்வரை பொறுங்கள்.

கனகராயன் கரை (மாங்குளம்)
அண்ணா, அரச வேலைக்கு வர்த்தமானி சட்டம் மாதிரி. தகுதி குறைந்தால் விண்ணப்பம் அங்கேயே நிராகரிக்கப்படும். தொண்டு நிறுவன விளம்பரம் அப்படியல்ல. அவர்கள் விரும்பும் ஆளை அதில் எழுதுகிறார்கள். பிறகு வந்தவர்களை ஒப்பிட்டுத் தெரிவு செய்கிறார்கள். 2014இல் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூ என்ற இதழில் தாரா மோர் என்ற எழுத்தாளர் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டார். முழுத் தகுதி இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டிருந்தார். “வேலையைச் சரியாகச் செய்ய முடியாது” என்றவர்கள் சுமார் பத்தில் ஒருவரே. “தகுதி குறைவு, எடுக்கமாட்டார்கள், நேரம் வீண்” என்பதுதான் ஆண், பெண் இருபாலாரும் அதிகம் சொன்ன காரணம். வர்த்தமானி பார்த்தே வளர்ந்த நாம் எல்லா விளம்பரத்தையும் அப்படியே வாசிக்கிறோம்.

நெடுங்கேணி ஆசிரியை
நம் பிள்ளைகள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் வருகிறது. “குறைந்த இசட் புள்ளியில் (உயர்தரப் பரீட்சைப் புள்ளி) போனவள்தானே” என்று நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பட்டம் பெற்று ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பேச்சு அவர்களை விட்டுப் போவதில்லை. இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் படித்த பிள்ளையையும் கொழும்பில் தனியார் வகுப்புக்குப் போன பிள்ளையையும் ஒரே புள்ளியால் எப்படி அளப்பது? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

குளக்கட்டு
கோபம் நியாயம், ஆசிரியை. ஆனால் மொழி விஷயத்தில் நான் இறங்கமாட்டேன். அந்த முகாமையாளர் அமைச்சுக் கூட்டங்களில் சிங்களத்தில் பேச வேண்டிவரும். அங்கே வாய்மூடி இருந்தால் நம் சனத்துக்குத்தான் நட்டம்.

கனகராயன் கரை
அது சரியான கேள்வி. அதை நிறுவனத்திடமே கேட்கலாம். தங்கச்சி, சிங்களம் கட்டாயமா, விரும்பத்தக்கதா என்று தொலைபேசியில் விசாரியுங்கள். விண்ணப்பத்தில் “கடின உழைப்பாளி” என்றெல்லாம் எழுத வேண்டாம். எத்தனை குடும்பங்களுக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு பணத்துக்குக் கணக்குக் காட்டினீர்கள் என்பதை எழுதுங்கள்.

முல்லை மகள்
நாளைக் காலை அழைக்கிறேன். கட்டாயம் என்றால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் அனுப்புகிறேன். நந்திக்கடல் மீனவர்களுக்கு வலை கொடுத்த திட்டத்தின் கணக்கு முழுவதையும் நான்தான் பார்த்தேன். அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். யாராவது திருத்தித் தருவீர்களா?

குளக்கட்டு
எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. நியமனத்துக்குப் பொறுப்பதே நல்லது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அனுப்புவதென்றால் பிழையில்லாமல் போகட்டும்.