மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

மாலைவகுப்பு:
வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நாலு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம், எல்லாம் கைக்காசுதான். இப்போது ஒரு அரசு மானியத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். கட்டடப் பழுது, புத்தகம், கணினி எல்லாம் அடங்குமாம். ஆனால் மொத்தச் செலவில் கால் பங்கு நாங்கள் போட வேண்டும், மீதியும் "செலவு செய்த பின் ஈடுசெய்யப்படும்" என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கையில் காசு இல்லை என்றுதானே மானியமே கேட்கிறோம்? யாராவது வாங்கி நடத்தியிருக்கிறீர்களா?

பேரேடு:
அந்தப் பொடி எழுத்துதான் விண்ணப்பத்திலேயே முக்கியமான வரி. சில மானியம் முன்பணமாக வரும், சிலது தவணையாக வரும், சிலது நீங்கள் கடனோ உடனோ வாங்கிச் செலவழித்து பில்லைக் கொடுத்த பிறகுதான் வரும். தவணை என்றாலும் முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்று, கொடுக்காமல் அடுத்தது நகராது. நான் ஒரு சின்ன அமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன், எங்களுக்கு இரண்டாம் தவணை ஏழு மாதம் நின்றது. அலமாரி வாங்கிய பில் அமைப்பின் பெயரில் இல்லாமல், கடைக்குப் போனவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான் குற்றம்.

கால் பங்குக்கு பயப்பட வேண்டாம். பல திட்டங்களில் அதைப் பணமாகத்தான் போட வேண்டும் என்பதில்லை, இடத்தின் வாடகை மதிப்பு, தன்னார்வலர்கள் உழைத்த நேரம் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்டு என்றால் தன்னார்வலர்களின் வருகைப்பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். மூன்று மாதப் பதிவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் தணிக்கைக்கு வருபவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நூலடுக்கு:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். மானியம் பெரும்பாலும் பொருள் வாங்கத்தான் வரும், அதை ஓட்டுவதற்கு வராது. எங்கள் இடத்தில் அப்படி வந்த ஐந்து கணினிகளும் உறை போட்டுத் தூங்குகின்றன. மின்கட்டணம், பழுது, சொல்லிக்கொடுக்க ஆள், எதற்குமே திட்டத்தில் செலவுத் தலைப்பு இல்லை. விற்கவும் முடியாது, சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதனால் நீங்கள் இன்றைக்கே நடத்திக்கொண்டிருக்கிற வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள், கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் எழுதாதீர்கள்.

திண்ணைவாசி:
இன்னொன்று. பணம் வந்தால் எவ்வளவு வந்தது, எதற்கு என்பதைப் பெற்றோர் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டிவிடுங்கள். உகாண்டாவில் நடந்தது பிரபலமான கதை. 1991 முதல் 1995 வரை ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மாணவர் மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு ஆய்வு கண்டுபிடித்தது, பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. அதன் பிறகு, மாவட்டங்களுக்கு அனுப்பும் தொகையை நாளிதழிலும் பள்ளி வாசலிலும் போட ஆரம்பித்தார்கள். 2001-இல் மறுபடி பார்த்தபோது 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தது. விளம்பரம் மட்டுமே காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஒரு தாளும் பசையும் என்ன செலவு?

மாலைவகுப்பு:
எல்லாருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன், உழைப்பைக் கணக்கில் எடுப்பார்களாம், ஆனால் பணம் பின்னால்தான், அதில் மாற்றமில்லை என்றுவிட்டார்கள். அதனால் கட்டடத்தையும் கணினியையும் விட்டுவிட்டு புத்தகம், இரண்டு அலமாரி, அவ்வளவுக்கு மட்டும் எழுதுகிறோம், அந்தத் தொகையை ஆறு பேரும் சில மாதம் தாங்க முடியும். பேரேடு அவர்களே, பதிவேடு நேற்றே தொடங்கியாகிவிட்டது. அவரவர் பேனாவில்தான்.