இணை நிறுவனர் பங்கு: பாதிப் பாதி சரியா?

வணக்கம். திருப்பூரில் காஜா பட்டன், பிரிண்டிங், செக்கிங் என்று ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட்டுகளுக்காக ஒரு மொபைல் ஆப் செய்து வருகிறோம். எந்த டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எங்கே போனது, எத்தனை பீஸ் திரும்பி வந்தது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு பேர். நான் வேலையை விட்டுவிட்டேன். நண்பர் ஐடி வேலையில் இருந்தபடியே இரவில் ஆப்புக்கான புரோகிராம் எழுதுகிறார். அடுத்த மாதம் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யப் போகிறோம். எல்எல்பியில் (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை) ஷேர் என்பதே கிடையாது, பின்னால் முதலீடு வாங்குவது சிரமம் என்பதால் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

குழப்பம் பங்கில்தான். பாதிப் பாதி என்று வாய்வார்த்தையாகப் பேசியிருக்கிறோம். 4 ஆண்டு வெஸ்டிங் (பங்கு ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது என்பது வழக்கமான ஏற்பாடு, தெரியும். ஆனால் முழுநேரம் வராதவருக்கும் அதே கணக்கா? அல்லது அவர் வேலையை விட்ட நாளிலிருந்து வெஸ்டிங் தொடங்க வேண்டுமா? இதை நட்பு கெடாமல் எப்படிப் பேசி முடித்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. சில யூனிட்டுகள் ஆப்பை இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். நன்றாகப் பாராட்டுகிறார்கள், கட்டணம் என்றதும் "பார்க்கலாங்க தம்பி". எந்தக் கட்டத்தில் காசு கேட்டீர்கள்? விற்கும் நமக்கு உத்யம் பதிவு (அரசின் சிறு தொழில் பதிவு) இருந்தால் வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி முதல் வாடிக்கையாளரிடம் சண்டையா போட முடியும்!

நிறுவனர் ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருந்தால் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கோவை, திருப்பூர் பக்கம் இதில் பழக்கமுள்ள வக்கீலைத் தெரிந்தாலும் சொல்லுங்கள்.