‘லவர்ன் அண்ட் ஷர்லி’ இன்றும் நிற்பது நட்பினாலா, பழைய நினைவினாலா?

நீலக்கையுறை எழுதியது:

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1976 ஜனவரி 27 முதல் 1983 மே 10 வரை ஒளிபரப்பான ‘லவர்ன் அண்ட் ஷர்லி’ சிட்காமின் (நகைச்சுவைத் தொடரின்) 178 எபிசோடுகளையும் இந்த ஆண்டு மீண்டும் வரிசையாகப் பார்த்து முடித்தேன். பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியில் மில்வாக்கி நகரத்தில், ஷாட்ஸ் என்ற கற்பனை பீர் ஆலையில் பாட்டில்களுக்கு மூடி போடும் வேலை பார்த்துக்கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய வாடகை வீட்டில் ஒன்றாக வசிக்கும் இரண்டு தோழிகளின் கதை இது. லவர்ன் டிஃபாசியோவாக பென்னி மார்ஷலும் ஷர்லி ஃபீனியாக சிண்டி வில்லியம்ஸும் நடித்தார்கள்.

இந்தத் தொடர் இன்றும் புதிதாக இருப்பதற்கு, அந்த இருவருக்கும் இடையிலான நட்பு சொல்லப்பட்ட விதத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்பது என் கருத்து. தொடக்கக் காட்சியில் இருவரும் கைகோத்துக்கொண்டு, சிறுமிகள் பாண்டி விளையாடுவதுபோல் எண்ணிக்கொண்டே தெருவில் நடந்து வந்து, ‘ஷ்லமீல், ஷ்லிமாசல்’ என்று ஒரு வரியைச் சொல்லி முடிப்பார்கள். பென்னி மார்ஷல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த காலத்தில் சொல்லித் திரிந்த வரி அது. அந்த இரண்டு இத்திஷ் சொற்களுக்கும் யூதக் குடும்பங்களில் வழங்கும் விளக்கம் ஒன்று உண்டு: சூப்பைக் கைதவறிக் கொட்டுகிறவன் ஷ்லமீல், அந்தச் சூப் எவன் மடியில் விழுகிறதோ அவன் ஷ்லிமாசல். எட்டு சீசன்களில் நடப்பதெல்லாம் இதுதான். ஒருத்தி கொட்டுகிறாள், மற்றவள் மடியில் விழுகிறது, அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்கிறார்கள். கொட்டியவளை விட்டு விலகிப் போக வேண்டும் என்ற நினைப்பு மட்டும் மற்றவளுக்கு நிலைத்து நிற்பதே இல்லை.

வசனவாசகன் எழுதியது:

நண்பர் நீலக்கையுறை அவர்களின் அன்பை மதிக்கிறேன். ஆனால் அன்பு ஒரு மதிப்பீடாகிவிடாது; கூத்தும் பழைய நினைவும்தான் இதன் பலம் என்பது என் கருத்து. இந்தத் தொடரின் புகழ் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த இருவரும் ‘ஹேப்பி டேஸ்’ தொடரில் 1975ஆம் ஆண்டு விருந்தினர் பாத்திரங்களாக அறிமுகமானவர்கள். பென்னியின் அண்ணன் கேரி மார்ஷல் அதிலிருந்து இதைக் கிளைத் தொடராக்கினார். ஏபிசி நிறுவனம் இதைச் செவ்வாய்க்கிழமை இரவில் ‘ஹேப்பி டேஸ்’ முடிந்தவுடன் ஒளிபரப்பியது. 1977–78, 1978–79 ஆகிய இரண்டு பருவங்களிலும் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடராக இது இருந்தது உண்மை. ஆனால் 1979இல் இதை வியாழக்கிழமைக்கு மாற்றியவுடன் முதல் முப்பது இடங்களுக்குள்கூட வர முடியவில்லை. தோழிகளின் நட்புக்காகவே மக்கள் பார்த்தார்கள் என்றால், அதே மக்கள் இரண்டு நாள் தள்ளி வந்த அதே நட்பை ஏன் தேடிப் போகவில்லை?

இரண்டாவதாக, இரண்டு பெண்கள் ஓடும் கன்வேயர் பட்டையின் முன் நின்று திண்டாடுவதை 1952ஆம் ஆண்டிலேயே ‘ஐ லவ் லூசி’யில் லூசில் பாலும் விவியன் வான்ஸும் செய்துவிட்டார்கள். சாக்லேட் தொழிற்சாலையில் மிட்டாயைச் சுற்றிக் கட்ட முடியாமல் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு இணையாக இந்தத் தொடரில் ஒரு காட்சி உண்டா? வழுக்கி விழுவதும், அலமாரிக்குள் ஒளிவதும், கத்துவதும் எழுத்து ஆகாது. ‘மேரி டைலர் மூர்’ தொடரில் தோழிகளான மேரியும் ரோடாவும் பேசிக்கொள்ளும் ஐந்து நிமிடத்தில் இருக்கும் நுட்பம் இங்கே ஒரு முழு சீசனிலும் கிடைக்காது.

நீலக்கையுறை எழுதியது:

லூசியை எடுத்து வந்ததற்கு நன்றி, ஏனென்றால் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சாக்லேட் தொழிற்சாலைக்குள் லூசியும் அவள் தோழி எத்தெலும் போவது, வேலை செய்வது எளிதா வீட்டை நடத்துவது எளிதா என்று கணவர்களோடு ஏற்பட்ட வாக்குவாதத்தினால்தான். அன்று மாலையே அவர்கள் வீடு திரும்பிவிடலாம். லூசியின் கணவன் ரிக்கியின் சம்பளம் அங்கே காத்திருக்கிறது. லவர்னும் ஷர்லியும் மறுநாள் காலையிலும் அதே பட்டையின் முன் வந்து நின்றாக வேண்டும். நின்றால்தான் வாடகை கொடுக்க முடியும். தொடக்கக் காட்சியில் ஒரு பீர் பாட்டிலின் தலையில் கையுறையை மாட்டி, அது பட்டையில் நகர்ந்து போகும்போது இருவரும் அதற்குக் கையசைத்து விடைகொடுக்கிறார்களே, அதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள் அந்த வேலைக்குள்ளேயே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொள்வதை அது நான்கு நொடியில் சொல்லிவிடுகிறது. அதைத் தனியாகச் செய்தால் பரிதாபமாக இருக்கும். பக்கத்தில் ஒருத்தி நின்று சேர்ந்து கையசைப்பதால்தான் அது விளையாட்டாகிறது.

எழுத்து இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு, இரண்டாம் சீசனில் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் எபிசோடைச் சான்றாக வைக்கிறேன். பெரிய மனிதர்கள் கூடும் ஒரு விருந்துக்குப் போகப் பணம் வேண்டும் என்பதற்காக, மருத்துவச் சோதனைக்குத் தங்களையே ஒப்புக்கொடுக்கிறார்கள். ஒருத்திக்கு உணவு கிடையாது, மற்றவளுக்கு உறக்கம் கிடையாது. சம்பாதித்த பணத்தோடு விருந்துக்கு வந்து சேரும்போது, ஒருத்தி பசியில் தள்ளாடுகிறாள், மற்றவள் நின்றபடியே தூங்கி விழுகிறாள். பணக்காரர்கள் நடுவே ஒரு மாலை கண்ணியமாக நிற்பதற்கு ஏழை என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன சிட்காம் எனக்குத் தெரியாது. அதை ஒரு வரிகூடப் பிரசங்கம் செய்யாமல் உடலாலேயே சொல்கிறார்கள். அந்த உடல்மொழிக்குத் தேவையான நேரக்கணக்கை நீங்கள் வெறும் கூத்து என்று நினைக்கிறீர்கள். பென்னி மார்ஷல் இதே தொடரின் சில எபிசோடுகளை இயக்கிப் பழகியவர். 1988இல் அவர் இயக்கிய ‘பிக்’, ஒரு பெண் இயக்கி அமெரிக்காவில் 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் திரைப்படம். அந்தப் பயிற்சி எங்கே நடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

நான் மில்வாக்கியில் வசிப்பவள். இரண்டு பேரிடமும் எனக்கு மாறுபாடு உண்டு.

ஷாட்ஸ் என்ற பெயர் இந்த ஊரின் ஷ்லிட்ஸ் ஆலையை நினைவூட்டுவதற்காக வைக்கப்பட்டது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ‘மில்வாக்கிக்குப் புகழ் தந்த பீர்’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட ஆலை அது. 1953ஆம் ஆண்டு இந்த ஊரின் பீர் ஆலைத் தொழிலாளர்கள் 76 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லவர்னும் ஷர்லியும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே தொழிலில் நிற்பவர்கள். ஆனால் தொடரில் வரும் மில்வாக்கியில் அந்தப் போராட்டத்தின் நிழல்கூட விழவில்லை. தெற்கிலிருந்து வேலை தேடி வந்து குடியேறிய கறுப்பின மக்களால் இந்த நகரம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களையும் அங்கே காண்பது அரிது. லவர்ன் பேசுவதோ பிராங்க்ஸ் தெருப் பேச்சு. படப்பிடிப்பு முழுவதும் கலிஃபோர்னியாவில், பார்வையாளர்களை முன்னால் உட்காரவைத்து நடந்தது. ஆகவே ‘உழைக்கும் மக்களின் வாழ்வு’ என்று இதைப் புகழ்ந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் சிறிது தயங்குவார்கள்.

ஆனாலும் ஓரிடத்தில் இந்தத் தொடர் தன்னையறியாமல் உண்மையைத் தொட்டுவிட்டது. 1980இல் தொடங்கிய ஆறாம் சீசனில், மூடி போடும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொள்ள, இருவரும் வேலையிழந்து கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரு பல்பொருள் அங்காடியில் பரிசுப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போகிறார்கள். மறு ஆண்டே, 1981இல், ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பின் உண்மையான ஷ்லிட்ஸ் ஆலை மில்வாக்கியில் மூடப்பட்டது. இப்போது அந்தக் கட்டடங்களில் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையுறை நினைவுக்கு வரத்தான் செய்கிறது; அதை மறைக்க மாட்டேன்.

மறுஒளிபரப்பு எழுதியது:

மாடி வீட்டு லென்னியையும் ஸ்குவிகியையும் யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. யாராவது ஒருவர் ‘இதைவிட அருவருப்பானது உலகத்தில் உண்டா?’ என்ற பொருளில் எதையாவது சொல்லி முடித்த அதே கணத்தில் கதவு திறந்து இருவரும் உள்ளே வந்து வணக்கம் சொல்வார்கள். நூறு முறை பார்த்த பிறகும் அந்தக் கதவு திறப்பதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மைக்கேல் மெக்கீனும் டேவிட் லேண்டரும் கல்லூரியில் நண்பர்களாகி, தொடர் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உருவாக்கி வைத்திருந்த பாத்திரங்கள் அவை. நட்பைப் பற்றிய தொடர் என்றால், அதன் துணைப் பாத்திரங்களும் நிஜ நட்பிலிருந்து வந்தவை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வசனவாசகன் எழுதியது:

நிஜ நட்பு என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். திரையில் கண்ட நட்பே இதன் உயிர் என்றால், திரைக்கு வெளியே நடந்ததை என்ன செய்வது? யாருக்கு அதிக வசனம், யாருக்கு அதிகச் சிரிப்பு என்ற பூசல் படப்பிடிப்புத் தளத்தில் பல ஆண்டுகள் புகைந்துகொண்டே இருந்தது. எட்டாம் சீசனின் தொடக்கத்தில், 1982இல், கருவுற்றிருந்த சிண்டி வில்லியம்ஸ் தொடரைவிட்டு வெளியேறி, தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். ஷர்லி ஒரு ராணுவ மருத்துவப் பணியாளரை மணந்துகொண்டு, தோழிக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதிவைத்துவிட்டு வெளிநாடு போனதாகக் கதையை முடித்தார்கள். இத்தனை ஆண்டு நட்பை ஒரு துண்டுக் காகிதத்தில் முடித்துவிடத் துணிந்த தொடரை, நட்பின் காவியம் என்று நாம் ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? ஷர்லி போன பிறகும் பெயரை மாற்றாமல் அந்த சீசனை ஓட்டினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீலக்கையுறை எழுதியது:

கடிதத்தோடு ஷர்லியை அனுப்பியது பெரிய பிழை; அதை நான் எங்கும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பிழைதான் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று. எஞ்சிய எபிசோடுகளில் பென்னி மார்ஷலின் திறமை ஒரு துளியும் குறையவில்லை. லவர்னின் மேல்சட்டையில் தைத்த ‘எல்’ எழுத்தும் அவள் குடிக்கும், பாலில் கலந்த பெப்சியும் அப்படியே இருந்தன. அவள் விழுகிறாள், பார்வையாளர்களும் சிரிக்கிறார்கள், ஆனால் விழுந்தவளைப் பார்த்துப் பதறிக்கொண்டே திட்டுவதற்கு ஆள் இல்லை. 1983 மே மாதம் ஒளிபரப்பான கடைசி எபிசோடைப் பாருங்கள்: ஷர்லியின் பழைய காதலன் கார்மைன், இசைநாடகத்தில் நடிக்க நியூயார்க் போகிற கதை அது. தோழிகளின் தொடர், தோழிகளில் ஒருத்தியின் கதையாகக்கூட முடியவில்லை. நீங்கள் சொல்வதுபோல் கூத்தும் பழைய நினைவும்தான் இதன் பலம் என்றால், அவை இரண்டும் அப்போதும் இருந்தனவே, ஏன் வெறுமையாகிப் போயிற்று?

வெளியே நடந்த பூசலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொடருக்கு முன்பே அவர்கள் இருவரும் திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் நிறுவனத்துக்காகச் சேர்ந்து நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்வதும், பல ஆண்டுகள் பேசாமல் இருப்பதும் எந்த உண்மையான நட்பிலும் நடக்கக்கூடியதே. அவர்கள் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2013இல் ‘சாம் அண்ட் கேட்’ என்ற சிறுவர் தொடரின் ஒரு எபிசோடில் இருவரும் மீண்டும் சேர்ந்து நடித்தார்கள். அப்போது பென்னி எழுபதை ஒட்டிய வயதிலும் சிண்டி அறுபதுகளின் நடுவிலும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வாதத்தையும் ஏற்கிறேன்: 1970களில் மக்கள் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள், கிழமையை அல்ல என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ‘ஹேப்பி டேஸ்’ முன்னால் வராமல், கிழமையும் நேரமும் இல்லாமல் இப்போது பார்க்கிற நமக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்?

ஏரிக்கரை எழுதியது:

நடிப்புக்காக அந்த இரு பெண்களில் ஒருவருக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரைகூட இந்தத் தொடரில் கிடைக்கவில்லை என்பதையும் வசனவாசகன் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். விழுந்து புரண்டு சிரிக்கவைக்கும் பெண்களை விமர்சகர்கள் எப்போதும் ஒரு படி கீழேதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மேரி–ரோடா ஒப்பீட்டிலும் அந்தப் படி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேரிக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் மேசையும் நாற்காலியும் இருந்தன. நுட்பமாகப் பேச அவளுக்கு நேரமும் இருந்தது.

வசனவாசகன் எழுதியது:

ஏரிக்கரை அவர்களின் கடைசி வரி என்னைத் தைத்தது. அதை மறுக்க என்னிடம் விரைவான பதில் இல்லை. பர்பேங்குக்குப் போன பிறகு வந்த மூன்று சீசன்கள் பலவீனமானவை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அங்கே தொடர் தன் ஆலையையும் குளிரையும் சேர்த்தே இழந்துவிட்டது. மேரியும் ரோடாவும் எனக்கு இன்னும் மேலானவர்களே.

ஆய்வுக்கூட எபிசோடை நேற்று இரவு மீண்டும் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தபோது அதில் எனக்கு நினைவில் நின்றது தூங்கி விழுவது மட்டுமே. இந்த முறை, தன் நிலையே சரியில்லாதபோதும் ஒவ்வொருத்தியும் மற்றவளைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். அது எழுத்தா நடிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாததால், எழுத்து இல்லை என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.