யோச்சியெனுக்குச் சைவ பெந்தோ: பாதிச் சோறு திரும்பி வருகிறது

கேள்வி – நிஷிகசாய் அம்மா

டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் வசிக்கிறோம். மூன்றரை வயதாகும் என் மகள் ஏப்ரலில் யோச்சியென் என்னும் மழலையர் பள்ளியில் சேர்ந்தாள். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பெந்தோ என்னும் மதிய உணவுப் பெட்டி கொடுத்தனுப்ப வேண்டும். நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். 360 மில்லி பெட்டியில் வேர்க்கடலை போட்ட எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ நிரப்பி, ஓரத்தில் ஒரு பொரியல் வைக்கிறேன். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது. வீட்டில் சூடாகப் பிசைந்து கொடுத்தால் அதே சாதத்தை மிச்சம் வைக்காமல் உண்கிறாள். மற்றவர் பெட்டிகளில் சோறு கரடி முகமும் பூனை முகமுமாக இருக்கிறதாம். அப்படிச் செய்ய எனக்குக் கைத்திறனும் இல்லை, விடியற்காலையில் பொறுமையும் இல்லை. குறை அலங்காரத்தில்தானா? ஜூனில் மழைக்காலம் தொடங்கினால் தயிர் சாதம் தாங்குமா?

பதில் 1 – சைத்தாமாவாசி

அலங்காரத்தை மறந்துவிடுங்கள், உருவம் செய்யும் கியாராபென் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளிகளும் உண்டு. எனக்குத் தோன்றும் காரணம் அரிசி. பொன்னி அரிசிச் சோறு ஆறினால் விறைத்து உதிரி உதிரியாகிவிடும். முள்கரண்டி பிடிக்கவே பழகிக்கொண்டிருக்கும் குழந்தை அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்துவிடும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவு என்பதால் ஆறிய பிறகும் மென்மையாக ஒட்டி நிற்கும். அந்தச் சோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்து, வெறுங்கை படாமல் பிளாஸ்டிக் தாளில் வைத்து, இரண்டு வாய்க்கு ஒன்றாக உருண்டை பிடியுங்கள். நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோற்றில் புளி செய்த வேலையைத்தான் ஜப்பானியர்கள் சோற்றின் நடுவே வைக்கும் உமெபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய் செய்கிறது.

அளவும் அதிகம். பெட்டியை நெருக்கமாக அடைத்தால் எத்தனை மில்லியோ ஏறத்தாழ அத்தனை கிலோகலோரி என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. சோறு மூன்று பங்கு, புரத உணவு ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு என்பது அதனோடு சேர்ந்த விகிதம். நீங்கள் பெட்டி முழுவதையும் சோற்றுக்கே கொடுத்திருக்கிறீர்கள். 280 மில்லி பெட்டிக்கு மாறுங்கள். காலிப் பெட்டியைக் காட்டும் மகிழ்ச்சி அவளுக்கு முதலில் கிடைக்கட்டும்.

பதில் 2 – ஒசாக்கா தாத்தா

அம்மா, வேர்க்கடலையை உடனே நிறுத்துங்கள். கடினமான பருப்பு, கொட்டை வகைகளை ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை 2021 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் என்பதே காரணம். தாளிப்பில் போடும் கடலைப்பருப்பையும் தவிர்த்துவிடுங்கள். திராட்சையையும் சிறு தக்காளியையும் நான்காக நறுக்கித்தான் வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தயிர் சாதம் வேண்டாம். தேங்காய்த் துருவல் போட்ட பொரியல் அதைவிட விரைவில் ஊசிப்போகும். அதற்குப் பதிலாக வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவுங்கள். எதை வைத்தாலும் நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் ஆவி நீராகி உள்ளே சொட்டும். பெட்டியின் மேல் ஒரு குளிர்பொதியும் வைத்துக் கட்டுங்கள்.

பதில் 3 – சைவப் பெட்டி

கடையில் வாங்குவதில் கவனம் தேவை. சோற்றின் மேல் தூவும் ஃபுரிகாகே பலவற்றில் மீன் துருவல் இருக்கும். இளஞ்சிவப்பு விளிம்போடு அழகாகத் தெரியும் கமபோகோ முழுக்க மீன்தான். எங்கள் வீட்டில் வெற்றிபெற்றது இனாரி, அதாவது பொரித்த டோஃபு பைக்குள் அடைத்த சோறு. ஆயத்தமாக விற்பதில் பெரும்பாலும் மீன்சாறு சேர்ந்திருக்கும் என்பதால், வெறும் அபுராகே (பொரித்த டோஃபு) வாங்கி, வெந்நீர் ஊற்றி எண்ணெயை நீக்கி, கொம்பு என்னும் கடற்பாசி ஊறிய நீரில் சோயாவும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பிழிந்து, அந்தப் பைக்குள் எலுமிச்சை சாதத்தை அடைத்துவிடுவேன். சோறும் சிந்தாது, புரதமும் ஆயிற்று. பக்கத்தில் கபோச்சா பரங்கிக்காய் வைக்கலாம். பீட்ரூட் மட்டும் வேண்டாம். பெட்டி திறக்கும்போது எல்லாமே சிவப்பாக இருக்கும்.

மறுமொழி – நிஷிகசாய் அம்மா

அனைவருக்கும் நன்றி. கடலையை இன்றே நிறுத்திவிட்டேன். நேற்று மூன்று புளியோதரை உருண்டைகள் வைத்ததில் ஒன்றுதான் திரும்பியது. குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்கும் அலமாரியில் வைப்பார்களாம். அதற்கு அலுமினியப் பெட்டிதான் வேண்டுமா?

பதில் 4 – சைத்தாமாவாசி

ஆம், அலுமினியம்தான் கேட்பார்கள். அந்த நாட்களில் பழம் சூடாகிவிடாமல் இருக்க அதைத் தனிச் சிறு டப்பாவில் கொடுத்துவிடுங்கள்.