இழுக்கும் மயோசினை நிறுத்தினால் ஒட்டு குலைவது ஏன்?

கேள்வி:
நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. கண்ணாடித் தகட்டில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு உயிரணுக்களில், உயிரணுச் சட்டகத்தின் ஆக்டின் இழைகளை இழுக்கும் மோட்டார் புரதமான மயோசின் 2-ஐ முடக்கும் பிளெபிஸ்டாட்டின் என்ற மருந்தைச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து, ஒட்டுமிடங்களில் சேரும் புரதமான வின்குலினுக்குச் சாயமேற்றிப் பார்த்தேன். உயிரணு தகட்டைப் பற்றியிருக்கும் நீண்ட ஒட்டுத்திட்டுகள் மறைந்து, விளிம்பில் சிறு புள்ளிகள் மட்டுமே எஞ்சியிருந்தன. இழுவிசை நின்றால் பிடி தளராமல் நிலைக்க வேண்டுமல்லவா? இங்கே நேர்மாறாக நடப்பதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
விடை டாலின் என்ற இணைப்புப் புரதத்தில் இருக்கிறது. அதன் தலை, உயிரணுச் சவ்வைக் கடந்து நின்று வெளித்தளத்தைப் பிடிக்கும் இன்டெகிரின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. 13 சுருள்கட்டுகளால் ஆன தண்டு ஆக்டின் இழையைப் பற்றுகிறது. வின்குலின் வந்து அமரக்கூடிய 11 இடங்கள் அத்தண்டில் இருந்தாலும், சுருட்டி வைத்த பாய்க்குள் வைத்த பொருள்போல அவற்றில் பல உள்ளே மறைந்திருக்கின்றன. மயோசின் ஆக்டினை இழுக்கும்போது தண்டு நீள்கிறது. ஏறத்தாழ 5 பிக்கோநியூட்டன் விசையிலேயே மூன்றாவது கட்டு அவிழ, வெளிப்பட்ட இடங்களில் வின்குலின் அமர்ந்து, தன் வாலால் மேலும் சில ஆக்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நீட்டப்பட்ட டாலினில் கூடுதலான வின்குலின் சேர்வதைத் தனி மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்த சோதனையொன்று 2009-இல் நேரடியாகக் காட்டியது. ஆகவே, இழுப்பு இல்லையென்றால் இந்தக் கூடுதல் பிடிப்பும் உருவாகாது.

மறுமொழி 2:
உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுமிடத்திலும் இதே கதைதான். எனக்கு அது இன்னும் வியப்பளிக்கிறது. அடுத்த உயிரணுவைப் பற்றும் சவ்வுப் புரதமான கெடெரின், அதை உள்ளே ஆக்டினோடு இணைக்கும் பீட்டா-கட்டெனின், ஆல்பா-கட்டெனின், இறுதியில் ஆக்டின் என ஒரு சங்கிலியைப் பாடநூல்கள் வெகுகாலம் வரைந்துவந்தன. ஆனால், 2005-இல் இப்புரதங்களைத் தூய்மையாக்கிக் கரைசலில் சேர்த்துப் பார்த்தபோது, பீட்டா-கட்டெனினோடு இணைந்த ஆல்பா-கட்டெனின் ஆக்டினைச் சரியாகப் பற்றவில்லை. கரைசலில் விசை இல்லை என்பதே குறை. 2014-இல், லேசர் ஒளியால் நுண்துகள்களைப் பிடிக்கும் ஒளிப்பொறியில் ஆக்டினை இழுத்துப் பார்த்தபோது அப்பிணைப்பு, சுருக்குக்கயிறுபோல, ஓர் எல்லைவரை இழுக்க இழுக்க நீடித்தது. இணைப்புப் புரதத்தை இணைப்பாக்குவதே மோட்டார் புரதம்தான் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

மறுமொழி 3:
மேலுள்ள விளக்கங்களை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் இழுவிசையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எஞ்சிய அந்தச் சிறு புள்ளிகள் மயோசின் இல்லாமலேயே, விளிம்பில் ஆக்டின் வளர்வதாலேயே தோன்றுபவை. மேலும், மயோசின் 2 இழைகளை இழுப்பதோடு அவற்றைக் குறுக்கே கட்டவும் செய்கிறது. பிளெபிஸ்டாட்டின் மயோசினை ஆக்டினைத் தளர்வாகப் பற்றும் நிலையில் நிறுத்துவதால் அவ்விரு வேலைகளும் ஒன்றாகக் கெடுகின்றன. எனவே உங்கள் சோதனையால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. இழுக்கும் திறன் குன்றிய, ஆனால் ஆக்டினைப் பற்றும் மயோசின் மாற்றுருவும் ஒட்டுகளை ஓரளவு முதிரச் செய்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

இன்னொன்று: வின்குலினின் வருகையே மயோசினைச் சார்ந்தது, ஒட்டுத்திட்டின் இன்னொரு புரதமான பேக்சிலினின் வருகை அந்த அளவுக்குச் சார்ந்ததில்லை. ஆகவே இரண்டுக்கும் சேர்த்துச் சாயமேற்றுங்கள். பிறகு மருந்தைக் கழுவி, உயிருள்ள அதே உயிரணுவில் திட்டுகள் மீள்வதைக் கவனியுங்கள். அப்போது நீல ஒளியைத் தவிர்ப்பது மிக முக்கியம். அது பட்டால் பிளெபிஸ்டாட்டின் சிதைந்து உயிரணுக்களுக்கு நஞ்சாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் வின்குலினை மட்டுமே பார்த்ததால், திட்டு முழுவதும் கலைந்ததா, வின்குலின் மட்டும் விலகியதா என்பதைச் சொல்ல இயலாது என்பது இப்போதுதான் புரிகிறது. பேக்சிலினையும் சேர்த்து மீண்டும் செய்யப்போகிறேன்.