புதுப்பிப்பு: பனிக்கால முகட்டு நடைக்கு மைக்ரோஸ்பைக் போதுமா?

பனிக்காலத்தில் மரங்களற்ற மலைமுகட்டில் நடக்க மைக்ரோஸ்பைக் (காலணிமேல் ரப்பரால் இழுத்து மாட்டும் குட்டைப் பற்கள்) போதுமா, கிராம்பான் (காலணியடியில் வாரால் இறுக்கிக் கட்டும் நீண்ட உலோக முனைகள்) வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டோம்.

காட்டுப் பாதையில், பலர் மிதித்து இறுகிய பனிக்கு மைக்ரோஸ்பைக் தாராளமாகப் போதும். முகட்டில் நிலைமையே வேறு. காற்று பனியை வாரிக்கொண்டு போய்விட, மிஞ்சியவை வெறும் பாறையும் நீலம் பாய்ந்த பனிக்கட்டியும்தான். சரிவுகளில் மைக்ரோஸ்பைக்கின் குட்டைப் பற்கள் வழுக்கின; 12 முனைக் கிராம்பான்தான் பிடித்து நின்றது.

"மரங்கள் முடிவதற்குள்ளேயே கிராம்பானை மாட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மேலே அடித்த காற்றில் கையுறையைக் கழற்றி வாரை இறுக்குவது நடக்காத காரியம்.

எதிர்பாராதது ஒன்று: இறங்கும்போது வெயிலில் இளகிய பனி கிராம்பானின் அடியில் கட்டியாக அப்பிக்கொண்டது. முனைகள் தரையைத் தொடவே இல்லை! பனிக்கோடரியின் காம்பால் அடிக்கடி தட்டிவிட வேண்டியிருந்தது. பனி ஒட்டாத அடித்தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மைக்ரோஸ்பைக்கின் ரப்பரும் கடுங்குளிரில் விறைத்துவிடுகிறது. சிறிது நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்து மாட்டினால் எளிதாக இழுபடும்.